கோழிக்கு ஒரு சட்டம், பன்றிக்கு ஒரு சட்டம்: பாலிஃபேஸ் பண்ணை, ஒரு நிகழ்வு ஆய்வு

இயற்கை வேளாண்மை பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கு பாலிஃபேஸ் என்ற பெயர் புதிதாக இருக்காது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஷெனண்டோவா பள்ளத்தாக்கில், ஸ்வோப் என்கிற சிற்றூரில் உள்ள குடும்பப் பண்ணை அது. மேய்ச்சல் கோழி, முட்டை, பன்றி, மாடு, வான்கோழி, முயல் என்று பலதையும் வளர்த்து, சுற்றுவட்டாரத்தில் நேரடியாக விற்றே பெயர் வாங்கியது. பாலிஃபேஸ் என்றால் பல முகம்.

இந்தப் பண்ணையைப் பற்றிப் பேசுகிறவர்கள் புல்லில்தான் தொடங்குவார்கள். மாடு மேய்ந்த இடத்துக்குக் கோழி வரும், கோழி கிளறிய இடத்தில் புல் தழைக்கும், மண் கூடும் என்று. எல்லாம் சரி. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று உறுத்தியது. அங்கே எந்தப் பிராணி எத்தனை வளர்கிறது, யார் கைக்குப் போகிறது, அதில் என்ன மிஞ்சுகிறது என்பதையெல்லாம் கடைசியில் முடிவு செய்வது, அதை எங்கே அறுக்கலாம் என்கிற சட்டம். முட்டைக்கு அறுப்பே இல்லை. கோழியைப் பண்ணைக் கொட்டகையிலேயே அறுத்து விற்கலாம். பன்றியை அப்படி விற்க முடியாது. நாற்பது வருஷக் கதை இந்த மூன்றில் அடங்கிவிடும் என்று தோன்றுகிறது.

நிலம் வந்த வழி

இந்தப் பண்ணையின் முகமாக அறியப்படும் ஜோயல் சலாட்டினின் பெற்றோர் வில்லியமும் லூசிலும் வெனிசுவேலாவில் விவசாயம் செய்தவர்கள். அங்கே நடந்த அரசியல் குழப்பத்தில் நிலத்தை விட்டுவிட்டுத் தாய்நாடு திரும்ப வேண்டியதாயிற்று. 1961-ல் ஸ்வோப்பில் 550 ஏக்கர் வாங்கினார்கள். 550 ஏக்கரைச் சிறு பண்ணை என்றால் நம் பக்கத்தில் சிரிப்பார்கள். ஆனால் அதில் 450 ஏக்கர் வரை காடு. மேய்ச்சலுக்கு ஆவது 100 ஏக்கர் சொச்சம். அதுவும் பல காலம் உழுது உழுது மேல்மண் ஓடிப்போய், ஓடை ஓடையாக அரித்து, பாறை தெரிந்து கிடந்த நிலம்.

அப்பா கணக்காளர், அம்மா பள்ளி ஆசிரியை. வீடு ஓடியது அந்தச் சம்பளங்களில். ஓய்வு நேரத்தில் அப்பா நடமாடும் மின்வேலி கட்டி, மாட்டை இடம் மாற்றி மாற்றி மேயவிட்டுப் பார்த்தார். ஜோயல் பத்து வயதில் முட்டைக்கோழி வளர்க்கத் தொடங்கி, பள்ளிக்கூட நாட்களிலேயே பக்கத்து ஸ்டான்டன் நகரச் சந்தையில் சனிக்கிழமைதோறும் விற்றார். கல்லூரி முடித்து அதே ஊர்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தார். 1982-ல், 25 வயதில், வேலையை விட்டுவிட்டு முழு நேரமாகப் பண்ணைக்கு வந்தார். மனைவியோடு பெற்றோர் வீட்டு மேல்மாடத்தில் குடியிருந்து, மாதம் 300 டாலரில் காலம் தள்ளியதாக அவரே சொல்லி வருகிறார்.

சிக்கனத்தைப் பாராட்டலாம். கூடவே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிலம் பெற்றோருடையது. இன்றைய விலைக்கு நிலம் வாங்கி, வங்கித் தவணை கட்டிக்கொண்டு, கோழி விற்று அதை அடைக்க நினைப்பவருக்கு இந்தப் பண்ணை உதாரணம் ஆகாது. இதை மறந்துவிட்டுத்தான் பலர் பாலிஃபேஸைப் பார்த்துச் செய்ய இறங்குகிறார்கள்.

பெரிய பஞ்சாரம்

கறிக்கோழி வளர்க்க அவர் பயன்படுத்தும் கூண்டை நமக்குப் புரியும்படி சொன்னால், அது ஒரு பெரிய பஞ்சாரம். 10 அடி அகலம், 12 அடி நீளம், 2 அடி உயரம். மரச்சட்டம், கம்பிவலை, மேலே தகடு. அடியில் ஒன்றும் கிடையாது, வெறும் புல்தரை. உள்ளே சுமார் 75 கோழிகள். தினமும் காலையில் ஒரு சிறு தள்ளுவண்டியைப் பின்பக்கம் கொடுத்து, முன்பக்கம் கயிற்றைப் பிடித்து ஒரு கூண்டு நீளத்துக்கு இழுத்துவிடுவார்கள். கோழிகளும் உள்ளேயே நடந்து புதுப் புல்லுக்கு வந்துவிடும். நேற்றைய எச்சம் நேற்றைய இடத்தோடு போயிற்று. ஊரில் ஆட்டுக்கிடை அமர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே பிடிபடும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 120 சதுர அடியில் 75 கோழி என்றால், தலைக்கு 1.6 சதுர அடி. தாராளம் என்று சொல்ல முடியாது. பெரிய கோழிக் கொட்டகையில் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு வரும், அவ்வளவுதான். 'சுதந்திரமாகத் திரியும் கோழி' என்று விளம்பரத்தில் போடும் படத்துக்கும் இதற்கும் தூரம் உண்டு. இங்கே கோழிக்குக் கிடைப்பது தினமும் புதிய தரை. அமெரிக்கக் கடைகளில் 'ஃப்ரீ ரேஞ்ச்' என்று ஒட்டியிருக்கும் சீட்டுக்கோ, கோழிக்கு வெளியே போக வழி இருந்தாலே போதும். அது வெளியே போனதா, வெளியே புல் இருந்ததா என்ற கேள்வியெல்லாம் கிடையாது. அதனால்தான் இந்த மாதிரிப் பண்ணைக்காரர்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டு 'மேய்ச்சல் கோழி' என்று சொல்லத் தொடங்கினார்கள்.

இன்னொரு கணக்கு. குஞ்சுகள் முதல் மூன்று வாரம் சூடு கொடுக்கும் கொட்டகையில். அப்புறம் ஐந்து வாரம் புல்லில். எட்டாவது வாரம் அறுப்பு. 35 நாள், நாளுக்கு 120 சதுர அடி. ஒரு பஞ்சாரம் ஒரு சுற்றில் 4,200 சதுர அடியைக் கடக்கும். நம் கணக்கில் 10 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 750 கோழி. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டை வண்டி

முட்டைக்கோழிகளுக்குப் பஞ்சாரம் இல்லை. சக்கரம் வைத்த ஒரு மரவீடு. அதை மாடு மேய்ந்து போன மூன்று நான்கு நாள் கழித்து அதே புல்வெளிக்கு இழுத்துவந்து கதவைத் திறந்துவிடுவார்கள். ஏன் மூன்று நான்கு நாள்? சாணியில் ஈ முட்டையிட்டு, புழு வந்து, நன்றாகக் கொழுத்திருக்கும் நேரம் அது. இன்னும் விட்டால் ஈயாகிப் பறந்துவிடும். கோழிகள் சாணியைக் கிளறிக் கிளறிப் புழுவைப் பொறுக்கும். கிளறியதில் சாணி பரவி உரமாகும். மாட்டுக்கு ஈத்தொல்லையும் குறையும். இருட்டினால் கோழிகள் தாமாக வண்டிக்குள் ஏறி அடைந்துவிடும். குளிர்காலத்தில் மட்டும் பிளாஸ்டிக் கூரை போட்ட குடில்களுக்கு மாற்றிவிடுகிறார்கள்.

சட்டம் முட்டையை அதிகம் படுத்துவதில்லை. முட்டை வழியாகப் பரவும் சால்மொனெல்லா கிருமியைத் தடுக்க 2009-ல் மத்திய அரசு கொண்டுவந்த முட்டை விதியில்கூட 3,000 கோழிக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். முதலீடு குறைவு, பணம் வாரந்தோறும் கைக்கு வரும், அறுப்பு என்ற தலைவலி இல்லை. வாடிக்கையாளரைப் பண்ணைக்கு இழுத்து வருவதும் முட்டைதான். மஞ்சள் கருவின் நிறத்தைப் பார்த்துவிட்டு அடுத்த முறை கோழி இருக்கிறதா என்று கேட்பார்கள். நேரடி விற்பனையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முட்டையில் தொடங்குவது தற்செயல் அல்ல.

20,000 என்ற எண்

இப்போது கோழிக்கு வருவோம். அமெரிக்காவில் விற்பனைக்கு அறுக்கும் கோழியை அரசு ஆய்வாளர் பார்த்தாக வேண்டும் என்பது பொது விதி. ஆனால் 1968-ல் வந்த கோழி இறைச்சிச் சட்டத்தில் ஒரு சின்ன வாசல் விட்டு வைத்திருக்கிறார்கள். 'பொதுச் சட்டம் 90-492' என்று பண்ணைக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்வது அதைத்தான். தன் பண்ணையில் தானே வளர்த்த கோழியை, தன் இடத்திலேயே, சுத்தமான முறையில் அறுத்து, தன் பெயரும் விலாசமும் ஒட்டி விற்கலாம். ஒவ்வொரு கோழியாக ஆய்வாளர் பார்க்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு 1,000 கோழி வரை இன்னும் எளிது. உச்சவரம்பு 20,000. மாநில எல்லையைத் தாண்டி விற்கக் கூடாது. மாநிலங்கள் இதைவிடக் கடுமையாக விதி வைத்துக்கொள்ளலாம்; சில வைத்தும் இருக்கின்றன.

பாலிஃபேஸின் கோழி வியாபாரம் முழுக்க இந்த வாசல் வழியாக நுழைந்தது. வசந்த காலத்தில் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் போகும். எத்தனை கோழி வேண்டும், எந்த வாரம் என்று முன்கூட்டியே எழுதி அனுப்புவார்கள். அறுப்பு நாளில் வந்து வாங்கிப் போவார்கள். கூரை மட்டும் போட்ட, சுவரில்லாத ஒரு கொட்டகை. கூம்பில் தலைகீழாகப் போட்டுக் கழுத்தறுத்து, சுடுதண்ணீரில் முக்கி, ரப்பர் விரல்கள் உள்ள சுழல் தொட்டியில் இறகு போக்கி, குடல் நீக்கி, குளிர்ந்த நீரில் போடுவது வரை குடும்பமும் பயிற்சியாளர்களும் ஒரே வரிசையில் நின்று செய்யும் வேலை. காலையில் தொடங்கினால் மதியத்துக்குள் சில நூறு கோழி முடியும். இறகும் குடலும் மரத்தூளோடு எருக்குவியலுக்குப் போகும். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்கலாம். சுவர் இல்லாதது பற்றி மாநில ஆய்வாளர்களோடு நடந்த வாக்குவாதங்களை சலாட்டின் வருஷக்கணக்காக மேடையில் பேசியும் எழுதியும் வருகிறார். அவர் சொல்வது ஒரு தரப்பு. அறுக்கும் இடம் வாங்குகிறவர் கண்ணுக்கு எதிரே இருந்தது என்பதை மட்டும் மறுக்க முடியாது.

முன்பு சொன்ன எண்ணை இப்போது எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 750 என்றால், 20,000 கோழிக்கு 27 ஏக்கர் போதும். அவரிடம் இருப்பதோ 100 ஏக்கர் மேய்ச்சல். நிலம் தாங்கும் எல்லை வருவதற்கு வெகு முன்னாலேயே சட்டத்தின் எல்லை வந்துவிடுகிறது. அதைத் தாண்ட வேண்டுமானால் அரசு ஆய்வுக்குட்பட்ட அறுப்புக்கூடம் கட்ட வேண்டும். அந்தச் செலவை 21,000-மாவது கோழி தாங்காது. லட்சக்கணக்கில் போனால்தான் கட்டுப்படியாகும். நடுவில் நிற்க இடமே இல்லை. ஒரு குடும்பப் பண்ணை ஏன் இந்த அளவிலேயே நின்றது என்பதற்குக் கொள்கை, மனநிறைவு என்று பல காரணம் சொல்லலாம். இந்தக் கூட்டல் கழித்தலும் அதில் உண்டு.

பன்றி ஏறும் வண்டி

பாலிஃபேஸில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு பன்றிகளுடையதுதான். குளிர்காலத்தில் மாடுகள் திறந்த கொட்டகையில் காய்ந்த புல் தின்றுகொண்டு நிற்கும். கீழே விழும் சாணி, மூத்திரத்தின் மேல் மரத்தூளும் வைக்கோலும் அடுக்கடுக்காகப் போட்டு, இடையிடையே மக்காச்சோளத்தையும் தூவிவிடுவார்கள். மாடு மிதிக்க மிதிக்க மூன்று அடி உயரத்துக்குக் கெட்டியாக ஏறிவிடும். காற்று புகாமல் சோளம் உள்ளேயே புளித்துக் கிடக்கும். வசந்தத்தில் மாடு வெளியேறியதும் பன்றிகளை உள்ளே விடுவார்கள். புளித்த சோளத்துக்காக அவை மூக்கால் தோண்டித் தோண்டி முழுப் படுகையையும் புரட்டிப்போட, காற்று பட்டு அது அருமையான எருவாகிவிடும். இயந்திரம் வைத்துச் செய்தால் டீசல், தேய்மானம். பன்றிக்குக் கூலி சோளம். வேலை முடிந்தபோது அதன் எடையும் கூடியிருக்கும். அப்புறம் காட்டில் மின்வேலி போட்டு மேயவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் ஓக் மரக் கொட்டைகள் கிடைக்கும்.

சரி, பன்றி 115 கிலோவுக்கு வந்துவிட்டது. இனி என்ன?

1906-ன் இறைச்சி ஆய்வுச் சட்டமும் 1967-ல் வந்த திருத்தமும் பன்றிக்கும் மாட்டுக்கும் கோழிக்கு விட்டதைப் போல வாசல் எதுவும் விடவில்லை. துண்டு போட்டு விற்க வேண்டுமானால் ஆய்வாளர் நிற்கும் கூடத்துக்குத்தான் போக வேண்டும். உயிரோடிருக்கும்போதும் பார்ப்பார், அறுத்த பின்னும் பார்ப்பார். ஒரே ஒரு விலக்கு உண்டு. சொந்தப் பன்றியைச் சொந்தக் குடும்பத்துக்காக அறுத்துக்கொள்ளலாம். அப்படி அறுத்துக் கொடுக்கும் கூடங்களில் கறிப் பொட்டலத்தின் மேல் 'விற்பனைக்கல்ல' என்று முத்திரை குத்துவார்கள். இதை வைத்துப் பல சிறு பண்ணைகள் ஒரு வழி கண்டன. பன்றியை உயிரோடு இருக்கும்போதே அரைப் பன்றி, முழுப் பன்றி என்று வாடிக்கையாளருக்கு விற்றுவிடுவது. அறுப்புக் கூலியை வாடிக்கையாளரே கட்டுவது. நம் ஊரில் பங்குக்கறி போடுவது போலத்தான். ஆனால் அரைப் பன்றி என்பது 30 கிலோ கறி. அதை வைக்க ஆழ்குளிர்ப் பெட்டி வேண்டும், ஒரே தடவையில் கொடுக்கப் பணம் வேண்டும். இரண்டு துண்டு வாங்க வந்தவருக்கு இதில் இடமில்லை.

ஆய்வுக்குட்பட்ட கூடங்களோ ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. எந்தெந்தக் கட்டத்தில் கிருமி சேரும், எப்படித் தடுப்பது என்று எழுதி வைத்து, நாள்தோறும் பதிவேடு பராமரிக்க வேண்டும் என்ற விதி 1996-ல் வந்தது. மிகச் சிறிய கூடங்களுக்கு 2000 ஜனவரி வரை அவகாசம் கொடுத்தார்கள். நோக்கம் நல்லதுதான், கெட்ட இறைச்சியால் குழந்தைகள் செத்த பிறகு வந்த விதி. ஆனால் ஒரு நாளைக்குப் பத்துப் பன்றி அறுக்கும் கூடமும் ஆயிரக்கணக்கில் அறுக்கும் ஆலையும் அதே ஏட்டைத்தான் எழுத வேண்டும். இரண்டாமவருக்கு அதற்கென்று ஆள் இருக்கிறார். முதலாமவருக்கு இரவு பத்து மணிக்குமேல் அவரே எழுத வேண்டும்.

ஸ்வோப்பிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஹாரிசன்பர்க் நகரில் டி அண்ட் இ மீட்ஸ் என்ற பழைய சிறு கூடம் இருந்தது. 2008-ல் அது கைமாறும் நிலை வந்தபோது சலாட்டினும் ஜோ கிளவுட் என்ற கூட்டாளியும் சேர்ந்து வாங்கிவிட்டார்கள். பண்ணைக்காரர் அறுப்புக்கூடம் வாங்கியதை வியாபார விரிவாக்கம் என்று சிலர் எழுதினார்கள். வேறு வழியில்லை என்பதே பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் கூடம் மூடியிருந்தால் அவ்வளவு பன்றியும் வளர்ந்து நிற்க, அறுக்க இடம் தேடி அலைந்திருக்க வேண்டும்.

அறுத்த பின்னும் பன்றியின் தொல்லை தீராது. கோழி முழுசாக ஒரு வீட்டுக்குப் போய்விடும். பன்றியைப் பிரிக்க வேண்டும். எல்லோருக்கும் வேண்டியது முதுகுத் துண்டும், பேக்கன் என்கிற வயிற்றுக்கறியும். தொடை, தோள், தலை, கால், கொழுப்பை யார் வாங்குவார்? 2008 வாக்கில் சிபோட்லே உணவகத்தின் சார்லட்ஸ்வில் கிளை பாலிஃபேஸ் பன்றிக்கறியை வாங்கத் தொடங்கியது பெரிய செய்தியாயிற்று. அவர்கள் சமையலுக்கு வேண்டியது முக்கியமாகத் தோள்பகுதி. ஒரு பன்றிக்குத் தோள் இரண்டுதான். உணவகம் கூடுதலாகக் கேட்கக் கேட்க, மற்ற பகுதிகளுக்கு ஆள் பிடிக்கும் வேலையும் அதே வேகத்தில் கூடும். உள்ளூர்க் கறியை உணவகத்துக்குக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் இடறி விழும் இடம் இதுதான்.

நான்கு மணி நேரம்

நெடுங்காலம் பாலிஃபேஸ் ஒரு விரதம் வைத்திருந்தது. நான்கு மணி நேரக் கார்ப் பயணத்துக்கு அப்பால் விற்பதில்லை, கூரியரில் அனுப்புவதில்லை. 2006-ல் வெளியான ஒரு பிரபலமான நூல் இந்தப் பண்ணையை நாடெங்கும் கொண்டுசேர்த்ததே, எழுத்தாளர் கேட்ட கறியை அனுப்ப அவர்கள் மறுத்த கதையோடுதான். பிறகு வாஷிங்டன் பக்கத்து நகரங்களில் வாடிக்கையாளர் குழுக்கள் அமைத்து, குறிப்பிட்ட நாளில் ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கொடுக்கும் முறை வந்தது. இப்போது இணையத்தில் பதிவு செய்தால் பெட்டியில் வைத்துத் தூர ஊர்களுக்கும் அனுப்புகிறார்கள். விரதம் முறிந்துவிட்டது என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆய்வு முத்திரை குத்திய, உறைய வைத்த கறிக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல; அன்று அறுத்த கோழிக்குத்தான் தூரம் பெரிசு.

கணக்கில் வராதவை

இந்தப் பண்ணையைப் புகழ்கிறவர்கள் தாண்டிப் போகிற சில விஷயங்கள் உண்டு. கோழி புல் தின்று கறியாவதில்லை. புல்லும் புழுவும் துணைக்கறி மாதிரி. வயிறு நிறைவது மக்காச்சோளத்திலும் சோயாவிலும்தான். அந்தத் தானியம் வேறு யாருடைய வயலிலோ விளைந்து வருகிறது. எனவே ஸ்வோப்பின் மண் வளர்ந்ததில் ஒரு பங்கு, மூட்டையில் வந்து கோழி வழியாக இறங்கிய உரம். கறிக்குஞ்சும் பொரிப்பகத்திலிருந்து வருவது, அதே வெள்ளைக் கலப்பினம். அமெரிக்காவில் ஒரு நாள் குஞ்சைத் தபாலில் அனுப்புவது 1918 முதல் நடக்கிறது. பொரிந்த குஞ்சு இரண்டு மூன்று நாள் உள்ளிருக்கும் மஞ்சள் கருவிலேயே தாக்குப்பிடிக்கும் என்பதால். பன்றிக்குட்டிகளையும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வாங்கி வந்திருக்கிறார்கள்.

ஆள் விஷயம் இன்னும் நெருடல். கோடைதோறும் தங்கிப் பயில வரும் இளைஞர்கள், தங்குமிடமும் சாப்பாடும் சிறு உதவித்தொகையும் பெற்றுக்கொண்டு, விடியற்காலைப் பஞ்சாரம் இழுப்பதிலிருந்து அறுப்பு வரிசை வரை செய்கிறார்கள். கற்றுக்கொள்கிறார்கள், உண்மைதான். அதே வேலைக்கு முழுக்கூலி கொடுத்தால் கோழி விலை என்னவாகும் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. சலாட்டினுக்குப் புத்தகம், சொற்பொழிவு என்று தனி வருமானமும் உண்டு.

2020 ஏப்ரலில், கொரோனாவால் தொழிலாளர்கள் படுக்கையில் விழ, அமெரிக்காவின் பெரிய பன்றி ஆலைகள் சில வாரக்கணக்கில் மூடின. அனுப்ப இடமில்லாமல் பன்றிகளைக் கொட்டகையிலேயே கொன்று புதைத்தார்கள். அதே நேரம் சிறு கூடங்களில் அறுப்புத் தேதி கிடைக்காமல் அடுத்த வருஷத்துக்குப் பதிவு செய்தார்கள். 'விற்பனைக்கல்ல' முத்திரை குத்தும் கூடங்களில் அறுத்த கறியையும் மாநிலத்துக்குள் விற்க அனுமதிக்கும் மசோதா ஒன்றை தாமஸ் மாஸி என்ற உறுப்பினர் 2015-லேயே நாடாளுமன்றத்தில் வைத்திருந்தார். சலாட்டின் அதற்கு ஆதரவாகப் பேசி வருகிறார். கொரோனாவுக்குப் பிறகும் அதை மறுபடி மறுபடி வைத்தார்கள்.